நீ கேட்ட ஞானஸ்நானப் பத்திரம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

உறையைக் கையில் வாங்கியதும் பிரிக்காமல் தடவிப் பார்த்திருப்பாய், நீ கேட்ட பத்திரம் உள்ளே இருக்கிறதா என்று. பெற்றவளுக்குத் தெரியாதா. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைப் படி. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது நான் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை என்று மருமகள் மாலாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது பேச்சுக்கே "சரிம்மா, கடைக்கு ஆள் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் என்னை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. அன்டன் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். மஸ்கெலியாவுக்கும் ஹட்டனுக்கும் ஆட்டோ ஓட்டுகிறானே, அவனேதான். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனை வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பிவிடாதே. ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு.

நீ கேட்டதை நீ சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நீயும் ஒரு தரம் கேட்டுப் பார். "அம்மா, அப்பாவோட ஞானஸ்நானப் பத்திரம் ஒன்னு மாதா கோயில்ல கேட்டு எடுத்து அனுப்புங்க. பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறோம். இன்டர்வியூவுக்கு முந்தி முடிக்கணும். தாத்தா வேதக்காரருன்னு காட்டுனா இங்க பாதர் ஒன்னும் கேக்க மாட்டாரு." பஸ்ஸில் ரெண்டு கட்டு கீரை போட்டுவிடச் சொல்கிற மாதிரி சொன்னாய். பாப்பாவை முதலாம் வகுப்பில் சேர்க்க நீ பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூடம் முன்னொரு காலத்தில் வேதக்காரர் கட்டியது, அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்றாய். அது அவர்கள் முறை. அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன் அப்பாவை இதற்காகத் தேடி எடுத்தாயே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மாலா பாவம், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கொத்மலையில் அவள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம், அதுவும் சிங்களப் பள்ளிக்கூடம். சமய பாடத்துக்கு பௌத்தம் மட்டும்தான் இருந்தது. சைவம் படிப்பிக்க ஆள் இல்லை. வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போய் அங்கே புத்தருடைய பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் அவள். போனில் என்னிடம் சொன்னாள், "மாமி, எனக்கு அந்த பாளிப் பாட்டு, கதாவெல்லாம் இன்னமும் மனப்பாடம். அதனால நான் என்ன கெட்டா போயிட்டேன்? மதம் பேப்பர்லதானே மாமி. படிப்புதான் புள்ளைக்கு நிக்கும்." அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று யோசிக்கிறார்கள். இந்த மலையில் பெற்றவர்கள் எந்தச் சாமியைச் சொன்னால் எந்தக் கதவு திறக்கும் என்று யோசிக்கிறோம். சில இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் நம் பாஷை இல்லை, பாஷை இருந்தால் நம் சமயத்துக்கு வாத்தியார் இல்லை, ரெண்டும் இருந்தால் போக பஸ் இல்லை. மாலாவுக்கு எல்லாம் சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்று வாய்க்கவே இல்லை. அவள் அப்படிப் பேசலாம். உனக்கு வாய்த்தது. நீ பேசக் கூடாது.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று உனக்குக் கதையாகத் தெரியும், எனக்குக் கை வலியாகத் தெரியும். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் அது, வெறும் கொட்டகை. அரைச் சுவர்கூட இல்லாமல், மழை அடித்தால் பிள்ளைகள் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கல் கட்டுகிற வேலை உன் அப்பாவுக்கு நன்றாக வரும். வேலை விட்டு வந்து, காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்களத்தில் கிடந்த கல்லையெல்லாம் சுமந்துபோய்ச் சுற்றி அரைச் சுவர் கட்டினார். நானும் மேல் லயத்து ரோஸ்லினும் மண் குழைத்துக் கொடுத்தோம். ரோஸ்லின் வேதக்காரி, நான் சைவம், உன் அப்பா வேதக்காரர். நாங்கள் கல்யாணம் முடித்தபோது இரண்டு கோயிலிலும் திட்டு வாங்கினோம். ஒருவரும் மாறவில்லை. நீ பிறந்ததும், "ஒங்க மதத்தையே போட்ருங்க, இவன வச்சு நாம ஏன் சண்டை புடிக்கணும்" என்று உன்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அப்படித்தான் நீ பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளை ஆனாய். மனிதருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் தனியாகப் போய்வருவார்.

பெரிய டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். வட்டகொடைப் பக்கத்துக்காரர், இங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிப் படிப்பித்தார். காலையில் வணக்கம் சொல்லும்போது அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் வேறெங்கும் நான் கேள்விப்படாதது. தேவாரத்தை வேதக்காரப் பிள்ளை பாட வேண்டும். ஜெபத்தைச் சைவப் பிள்ளை சொல்ல வேண்டும். ஏன் டீச்சர் இப்படி என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சொந்தப் பாட்டுன்னா புள்ளைங்க வாய்க்குள்ள முணுமுணுத்து முடிச்சுருதுங்க. அடுத்த வீட்டுச் சாமான்னா பயந்து பயந்து பத்திரமா எடுப்பாங்கல்ல" என்றார். அப்படித்தான் அன்டன் தேவாரம் பாடுவான், நீ ஜெபம் சொல்வாய். உன் முறை வருகிற நாளில் வீட்டில் நடந்துகொண்டே ஒத்திகை பார்ப்பாய். அப்பா தப்பைத் திருத்துவார். மறுநாள் வேலைக்குப் போகிறவர், மலைக்குப் போகிற வழியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கமாகச் சுற்றிப் போவார். தான் கட்டிய சுவருக்கு வெளியே, நீ பார்க்காத பக்கத்தில் நின்று, நீ சொல்லி முடித்த பிறகுதான் போவார். பிந்திப் போனதற்குக் கங்காணியிடம் அவர் ஏச்சு வாங்கியது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

பிறகு நீ பெரியவனானாய். கடையில் வேலை, கையில் போன், இளைஞர் சங்கம், கோயில் திருப்பணி, மேடைப் பேச்சு. அதெல்லாம் நல்லதுதான் என்று நினைத்தோம். ஒரு வாணி விழாவுக்குப் பள்ளிக்கூட வாசலில் சரஸ்வதி சிலை வைக்க வேண்டும் என்று நீங்கள் கிளம்பினீர்கள். வைத்தீர்கள். வேதக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ரோஸ்லின் அன்று கடலை வாங்கித் தின்றுவிட்டுத்தான் போனாள். நானும் அன்று குடம் தூக்கினேன். அதைப் பற்றி நான் என்னோடு பேசிக்கொள்வேன், இந்தக் கடிதம் உனக்கு. அடுத்த மாதம் அவர்கள் வந்து, மற்றப் பக்கத்தில் மாதா சிலை வைக்கக் குகை மாதிரி சின்னதாக ஒரு கெபி கட்டிக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். முடியாது என்றீர்கள். அதோடு விட்டீர்களா. வேதக்காரப் பிள்ளை தேவாரம் பாடக் கூடாது, அது தெய்வக் குற்றம் என்று பெரிய டீச்சரிடம் போய் நின்றீர்கள். அன்டனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நீதான் முன்னால் நின்றாய்.

அதற்குக் கூட்டம் போட்டார்கள். மடுவத்துக்குள்ளேயே, அந்த அரைச் சுவருக்குப் பக்கத்தில். உன் அப்பா கூட்டத்தில் பேசுகிற மனிதர் இல்லை. அன்று எழுந்தார். "தம்பி, இது எல்லாப் புள்ளைங்களுக்கும் உள்ள ஸ்கூலு. வாசல்ல ஒரு ஆளுக்கு மட்டும் எடத்தக் குடுத்தா மத்தவன் வாசலுக்கு வர யோசிப்பான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ எழுந்து, தோட்டமே பார்க்க, "நீங்க உக்காருங்கப்பா. இது எங்க விசயம். நீங்க வேதக்காரரு" என்றாய். வேதக்காரர் என்பது நாம் எல்லோரும் சொல்கிற சொல்தான், அதில் ஒன்றுமில்லை. நீ சொன்ன விதத்தில் அது வெளியே போ என்று கேட்டது. நாலு பேர் கைதட்டினார்கள். அவர் உட்காரவில்லை. மெதுவாக நடந்து வெளியே போனார். போகும்போது சுவரை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார், கல் ஆடுகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி. அதன் பிறகு சாகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. உன் மேல் கோபமா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "சின்னப் பயல்" என்பார். உனக்கு அப்போது மீசை முளைத்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மிச்சக் கதையை நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாய், அரசாங்கம் மூடிவிட்டது என்று. கேட்டால் எரிச்சலாக வருகிறது. கூட்டம் முடிந்து அந்த வருஷக் கடைசியில் பெரிய டீச்சர் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேதக்காரர்களில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை டவுனுக்கு மாற்றினார்கள். அல்லேலூயா சபைக்குப் போகிறவர்களும் மெல்ல மாற்றினார்கள். பிள்ளை குறைந்ததும் இருந்த ஒரு டீச்சரையும் வேறு இடத்துக்கு எடுத்தார்கள். டீச்சர் இல்லை என்றதும் நம் ஆட்களும், தேவாரம் காக்கக் கிளம்பினார்களே அவர்களேதான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே போனார்கள். கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லாத பள்ளிக்கூடத்தைக் கீழ்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்க்கிறோம் என்றார். அவரிடம் சண்டை போட என்ன இருக்கிறது. போன வருஷம் பூட்டினார்கள். உன் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது, அவள் ஓடிப் போய்ச் சேர்கிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அதனால்தானே போன மாதம் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குக் குடிபோனாய். லொறி அந்த வாசலைத் தாண்டிப் போனபோது நீ சரஸ்வதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நான் லயத்து வாசலில் நின்று பார்த்தேன். படிக்க ஒரு பிள்ளை இல்லாத இடத்தில் கல்வித் தெய்வத்தை உட்காரவைத்துவிட்டுப் போகிறோமே என்று உனக்குக் கொஞ்சமாவது உறைத்ததா என்று தெரியவில்லை. சிலையின் கையில் பாசி பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நான்தான் போய்த் துடைக்கிறேன்.

ரோஸ்லினுடைய கடைசி மகள் மெர்சியை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீங்கள் கூட்டம் போட்ட வருஷம் அவள் முதலாம் வகுப்பு. மற்ற வேதக்காரப் பிள்ளைகளோடு அவளையும் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள் ரோஸ்லின். இருட்டில் எழுப்பி, பனியில் ரோட்டுக்கு நடத்திக் கூட்டிப் போய், பஸ் ஏற்றிவிடுவாள். மாலையில் திரும்பி வரும்போது பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிப்போய் அடுத்த தோட்டத்தில் இறங்கியிருக்கும். அவள் அண்ணன் அன்டன் போய்த் தேடிக் கூட்டி வருவான். அவனும் அப்போது உயர்தரப் பரீட்சையைத் திரும்ப எழுதப் படித்துக்கொண்டிருந்தவன்தான், அந்த அலைச்சலில்தான் அவன் படிப்பும் போனது. மெர்சி நாலாம் வகுப்போடு நின்றாள். இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் சமையல். போன வாரம் நான் ரோஸ்லினிடம், பத்திரம் கேட்டு மாதா கோயிலுக்குப் போக வேண்டும், பாதரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்றேன். எதற்கு என்றும் சொன்னேன், மறைக்கவில்லை. ரோஸ்லின் உடனே சேலையை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னாள், "வாங்கிக் குடுத்துருங்கக்கா. புள்ள என்னா பண்ணுச்சு. எங்க மெர்சிக்குப் பேப்பர் தேடி இப்படி அலைய வேண்டியிருக்கல. அவகிட்ட பேப்பர் சரியா இருந்துச்சு. ஸ்கூலுதான் தூரமாப் போயிருச்சு." உன் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாதர் நல்ல மனிதர், வயதானவர். பழைய புத்தகத்தைப் புரட்டி உன் அப்பா பெயரைக் கண்டுபிடித்து வாசித்தார். சூசைமுத்து. அந்தப் பெயரை யாராவது சத்தமாகச் சொல்லி நான் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. "மகன் கோயிலுக்கு வர்றாரா?" என்று கேட்டார். "அவரு எந்தக் கோயிலுக்குப் போறாருன்னு எனக்கு இப்பல்லாம் தெரியலிங்க சாமி" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆமாம், பத்திரம் உள்ளே இருக்கிறது. நீ தடவிப் பார்த்தபோது கையில் தட்டுப்பட்டது அதுதான். கிழித்து அடுப்பில் போடலாமா என்று நினைத்ததும் உண்மை. உனக்காக அனுப்பவில்லை என்று மட்டும் தெரிந்துகொள். பிள்ளை படிக்க வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் நீ கேட்டு முடிப்பதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே நீயும் கூசாமல் கேட்டாய். இன்டர்வியூவில் பாப்பாவின் தாத்தா யார் என்று கேட்பார்கள். வேதக்காரர் என்று சொல்வாய். எந்தச் சொல்லால் அவரை எழுந்து போக வைத்தாயோ அதே சொல்லைச் சொல்லித்தான் உன் மகளை உள்ளே கூட்டிப் போக வேண்டும். சொல். வாய்க்குள் முணுமுணுக்காதே. அன்று கூட்டத்தில் சொன்ன மாதிரியே எல்லோருக்கும் கேட்கச் சொல்.

புத்தி சொல்வதென்றால் ஒன்றுதான் சொல்வேன். பாப்பாவிடம் பொய் சொல்லாதே. அவள் அப்பாயி சைவம், தாத்தா வேதக்காரர், அம்மா பௌத்தம் படித்தவள், இது எல்லாம் அவளுடையதுதான், எதையும் யாரிடமும் ஒளிக்கத் தேவையில்லை என்று சொல்லி வளர். இடம் கிடைப்பதற்காக மட்டும் சாமி கும்பிட வைத்தால் நாளைக்கு அவள் உன்னையும் அப்படித்தான் கும்பிடுவாள். ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிடாதே, நான் வர மாட்டேன். கோயில் பிடிக்காமல் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் நீ நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்னொன்று. இன்டர்வியூவில் பிள்ளையை ஜெபம் சொல்லச் சொல்வார்களாம், பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க ரோஸ்லினை இரண்டு நாள் ஹட்டனுக்கு அனுப்பி வைக்கச் சொல்லி நீ கேட்டதாக மாலா சொன்னாள். நான் ரோஸ்லினிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவள் பிள்ளை நாலாம் வகுப்போடு நின்றவள். உன் பிள்ளைக்குப் பாடம் சொல்ல அவள் பஸ் ஏற வேண்டுமா. உனக்கு என்ன வாயில்லையா. முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் உனக்குத் தெரியும், அப்பா திருத்திய இடங்கள் உட்பட. ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயே சொல்லிக் கொடு. அவள் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை, கேள்வி கேட்பாள். நாம சைவந்தானே அப்பா, இது ஒங்களுக்கு எப்படித் தெரியும், யாரு சொல்லிக் குடுத்தாங்க, அந்த ஸ்கூல் எங்க இருக்கு, நான் ஏன் அங்க போகல என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா